பழைய கணினிக்கு எந்தக் குரல்? – கேள்வி பதில்

1980களின் வீட்டுக் கணினிகளைப் பழுதுபார்த்து வைத்திருப்பவர்கள், அவற்றுக்கான பேச்சுக் கருவிகள் பற்றிக் கேட்டவை.

கேள்வி: என்னிடம் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: கரா மைக்ரோஸ்பீச், கணினியின் பின்பக்கம் செருகும் பேச்சுக் கருவி. உள்ளே இருப்பது எஸ்பி0256-ஏஎல்2 என்ற சில்லு. அதில் சொற்கள் கிடையாது. 59 ஒலித்துண்டுகளும் 5 இடைவெளிகளும்தான். அவற்றைக் கோத்து எதையும் சொல்ல வைக்கலாம், தெளிவு சுமார்தான். அழுத்தும் விசைகளையெல்லாம் உரக்கச் சொல்லும்; 'லெட் கீஸ்=0' என்ற பேசிக் கட்டளையைக் கொடுத்து வாயை அடைத்துவிடுங்கள். மின்சாரத்தை நிறுத்தாமல் பின்பக்கம் எதையும் செருகாதீர்கள், பிடுங்காதீர்கள். கணினியே போய்விடும்.

கேள்வி: டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-99/4ஏ கணினிக்கான பேச்சுப் பெட்டி சில சொற்களை மட்டும்தான் பேசுமாமே?

பதில்: பாதி உண்மை. மனிதர் பேசியதைப் பதிவுசெய்து, வெகுவாகச் சுருக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அவ்வளவு தெளிவு. டெர்மினல் எமுலேட்டர் 2 கார்ட்ரிட்ஜைப் போட்டால் நீங்கள் எழுதுவதையும் படிக்கும். ஆனால் அந்தத் தெளிவு இருக்காது. பிபிசி மைக்ரோ கணினியின் பேச்சு வசதியும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லுகளால் ஆனதுதான். அதில் கேட்பது செய்தி வாசிப்பாளர் கென்னத் கெண்டலின் குரல். தெளிவா, எதையும் பேசும் சுதந்திரமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். விலையைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: ஸ்பெக்ட்ரத்துக்கு எது நல்லது?

பதில்: முதல் பதில். அதிலுள்ள மின்சார எச்சரிக்கையையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: கரா தமிழ் பேசுமா?

பதில்: ஆங்கிலத்துக்காகச் செய்த ஒலிகள். ழ, ள, ண மூன்றும் இல்லை. பழத்தைப் 'பலம்' என்று சொல்லும்.

கேள்வி: சாம் என்ற மென்பொருளே பேசும்போது வன்பொருளுக்கு ஏன் காசு?

பதில்: இதைக் கேட்க மாட்டீர்களா என்று காத்திருந்தேன். 1982இல் வந்த சாம் அருமையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அட்டாரியில் அது பேசும்போது திரை வெறுமையாகிவிடும். திரையை வரையும் சில்லு நினைவகத்தை அடிக்கடி எடுத்துக்கொள்வதால் ஒலியின் தாளம் குலையும். அதற்காகத் திரையையே அணைத்துவிடுகிறார்கள். ஆப்பிள் 2க்கு அதை ஒலி அட்டையுடன் சேர்த்தே விற்றார்கள். பிறகு என்ன 'வெறும் மென்பொருள்'? வோட்ராக்ஸ் எஸ்சி-01 சில்லுக்கு ஒலியின் எண்ணை அனுப்பினால் போதும், அது முடியும்வரை செயலி வேறு வேலை பார்க்கும். பார்வையற்றோர் ஆப்பிள் 2இல் எக்கோ 2 பேச்சு அட்டையையும் டெக்ஸ்டாக்கர் மென்பொருளையும் வைத்துத் திரையைப் படித்தார்கள். பேசும்போது மற்ற எல்லாம் நின்றுபோகும் கருவியை அவர்களுக்குக் கொடுப்பீர்களா?

கேள்வி (அவரே): கொமடோர் 64இல் அட்டையே வேண்டாமே!

பதில்: வேண்டாம். அதிலேயே சிட் ஒலிச் சில்லு இருக்கிறது. அந்தக் கணினிக்குச் சாமே போதும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேசி முடிக்கும்வரை உங்கள் விளையாட்டு காத்திருக்கும். இதோடு விடுங்கள், மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

கேள்வி: டெக்டாக்?

பதில்: 1984இல் வந்த பேச்சுக் கருவி. சுமார் 4,000 டாலர், பெரும்பாலான வீட்டுக் கணினிகளைவிட அதிகம். தொடர் இணைப்பு (சீரியல் போர்ட்) இருந்தால் எந்தக் கணினியோடும் பேசும். கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: ஸ்பெக்ட்ரத்துக்கு...

பதில்: கரா. சுவிட்சை அணைத்துவிட்டு.

கேள்வி: எஸ்பி0256 சில்லு மட்டும் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி நானே இணைக்கலாமா?

பதில்: இணைக்கலாம். ஆனால் வேறு சில்லின் பெயரைச் சுரண்டிவிட்டு இந்தப் பெயரை அச்சடித்த போலிகள் உலவுகின்றன. பேச வைத்துக் காட்டாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். அதன் வேகத்தைத் தீர்மானிக்கும் படிகம் (கிரிஸ்டல்) 3.12 மெகாஹெர்ட்ஸ், கடையில் கிடைக்கும் 3.58ஐப் போட்டாலும் பேசும், குரல் கொஞ்சம் கீச்சென்று இருக்கும்.