கிளாக்கர் ஐயா பதில்கள்

கேள்வி: கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்கிறேன். வோட்டு ஊரில், தேயிலைத் தோட்டத்தில். "சங்கத் தலைவர் சொல்ற சின்னத்துக்கே போடு, இல்லாட்டி நமக்குத் தகரமும் வராது, காணியும் வராது" என்கிறார் அப்பா. மாற்றிப் போட்டால் அவர்களுக்குத் தெரிந்துவிடுமா ஐயா?
— ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: தெரியாது மகள். சாவடியில் உங்கள் பெயரையும் இலக்கத்தையும் சத்தமாக வாசிப்பார்கள். கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் ஒரு கோடு போடுவார்கள். அதைக் கண்டுதான் நம் ஆட்கள் மிரளுகிறார்கள். அந்தக் கோடு நீங்கள் வந்தீர்கள் என்பதற்கு மட்டும். மறைப்புக்குள் புள்ளடி (X குறி) எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. மொத்தக் கணக்கை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

அப்பாவைக் கோபிக்க வேண்டாம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே தோட்டத் தமிழரில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் வாக்குரிமையும் போனது. அப்புறம் 1977இல்தான் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் வென்றார். வோட்டு இல்லாத அந்தக் காலத்தில் சனத்துக்கு இருந்தது தொழிற்சங்கம் ஒன்றுதான். துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) பேசவும் தலைவர், பதிவுக் கந்தோருக்குப் (அலுவலகத்துக்கு) போகவும் தலைவர். சேர்ந்து நிற்காமல் அன்று பிழைத்திருக்க முடியாது. அந்த நெருக்கடி தளர்ந்துவிட்டது, பழக்கம் தளரவில்லை.

நான் தோட்டக் கந்தோரில் செக்ரோல், அதாவது வேலைநாள், சம்பளப் பதிவேடு எழுதியவன். சம்பளத்தில் சங்கச் சந்தாவைக் கழித்ததும் இந்தக் கைதான். லயத்தில் (வரிசை வீட்டில்) ஒரே காம்பராவில் அப்பா ஒரு சங்கம், மகன் வேறு சங்கம், இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் சங்கம் மாறும் படிவத்தை வாசிக்காமலே பலர் கைநாட்டு வைப்பார்கள். என் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் ஒரே கையெழுத்து. தலைவர் வீட்டுப் பையன் எழுதியது! பிள்ளைப்பேற்றுக் காசு கேட்கும் கடிதம்கூட அப்படித்தான் வரும். சேமலாப நிதிக்கு (ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்துக்கு) கடிதம் எழுத இன்னொருவரை நம்பியிருக்கும் வீட்டில் புள்ளடி எங்கே என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

ஆகவே நீங்கள் தொடங்க வேண்டியது தேர்தல் நாளில் இல்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது லயத்துக்குப் போகும் பாதையைப் பற்றிப் பிரதேச சபைச் செயலாளருக்கு உங்கள் கையால் ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முட்டுக்கட்டையாக இருந்தது, 2018இல் அதைத் திருத்தினார்கள். அதனால் 'தோட்டத்துக்குச் செய்ய ஏலாது' என்ற பழைய பதிலை ஏற்க வேண்டாம். நகலில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையா? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பியுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். இரண்டு நகல் வீட்டில் இருந்தால் அப்பா தலைவரிடம் பேசும் பேச்சே வேறாக இருக்கும்.

சங்கத்தை விட்டு விலகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தனி ஆளாகத் துரையிடம் போய்ச் சம்பளம் கூட்டி வாங்கியவர் ஒருவரையும் நான் செக்ரோலில் கண்டதில்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதும் பல வருடம் பலர் சேர்ந்து கேட்டதால்தான். அப்பா சந்தா கட்டட்டும், கூட்டத்துக்குப் போகட்டும், அங்கே கணக்கும் கேட்கட்டும்.

கேள்வி: பிரதேச சபைக்குச் சுயேச்சையாக நிற்க ஆசை. 'வோட்டைப் பிரிக்காதே' என்கிறார்கள்.
— ஒரு வாசகர், மஸ்கெலியா

பதில்: அந்த வோட்டை அவர்களுக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். சரி, சட்டத்தைப் பார்ப்போம். தனியாக நிற்க முடியாது, சுயேச்சைக் குழுவாகத்தான் மனு கொடுக்க வேண்டும். அதில் பெண்களுக்கும் ஒதுக்கீடு உண்டு. கடைசி நாளில் ஓடிப்போய் அண்ணியின் பெயரை எழுதிவிடாதீர்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் எழுந்து பேசும் பெண் உங்கள் தோட்டத்தில் கட்டாயம் ஒருத்தி இருப்பாள், அவளிடம் போய்க் கேளுங்கள். வேட்பாளர் பட்டியல் சேரும் முன்னே செலவுக் கணக்கையும் எழுதி வையுங்கள். போஸ்டர் செலவில்தான் முதல் சண்டை வரும்.

கேள்வி: நான் சொல்லும் சின்னத்துக்குத்தானே என் மனைவியும் போட வேண்டும்?
— பெயர் வேண்டாம், தலவாக்கலை

பதில்: வேண்டியதில்லை. மனைவியின் சம்பளத்தைக் கணவர் வந்து வாங்கிப் போனதையும் நான் அந்தக் கந்தோரில் பார்த்திருக்கிறேன், அதையும் அன்று எல்லோரும் இப்படித்தான் நியாயம் என்றார்கள். சின்னம் எது என்று உங்கள் மனைவி உங்களிடம் கேட்டாரா, நீங்களாகச் சொன்னீர்களா? கடிதத்தில் அதைக் காணோமே.