பழைய கணினியைத் தேற்றுவதா, புதிதாக அசெம்பிள் செய்வதா?

கேள்வி: சிவகாசியில் திருமண அழைப்பிதழ், நோட்டீஸ், ஃபிளெக்ஸ் பேனர் ஆகியவற்றை வடிவமைத்துத் தரும் சிறிய டிடிபி மையம் நடத்துகிறேன். 2014-இல் அசெம்பிள் செய்த கணினி: இன்டெல் கோர் ஐ5-4460 பிராசசர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பேஜ்மேக்கர் 7, கோரல் டிரா, ஃபோட்டோஷாப் சிஎஸ்6 மூன்றும் தினமும் தேவை. காலையில் ஆன் செய்தால் வேலை தொடங்கப் பத்து நிமிடம் ஆகிறது. பேனர் ஃபைலைச் சேமிக்கக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய் வந்துவிடலாம். ஒரு கடைக்காரர் ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் இன்டெல்லின் நாலாம் தலைமுறைப் பிராசசர் உள்ள இந்தக் கணினிக்கு இனி ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் நிலைமைக்கு என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது எஸ்எஸ்டியும் ராமும் மட்டும் போடுங்கள்; பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு பக்கம் போகவே வேண்டாம். புதிய கணினி ஒன்று உங்களுக்குத் தேவைதான், ஆனால் அது இந்தக் கணினிக்கு மாற்றாக அல்ல, இதன் பக்கத்தில் வைப்பதற்காக. ஏன் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கணினிக்குப் பன்னிரண்டு வயது என்பது மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. உங்களைக் காக்க வைக்கும் பாகம் எது என்பதே கேள்வி, அதைக் கண்டுபிடிக்கக் கடைக்காரர் தேவையில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமாக உங்களை எரிச்சலூட்டும் அந்தப் பேனர் ஃபைலைச் சேமித்துப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்க, சிபியூ 20, 30 சதவீதத்தில் சும்மா இருந்தால், காத்திருப்பது நீங்கள் மட்டுமல்ல, பிராசசரும்தான். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் ராம் போதவில்லை. சிபியூவே நெடுநேரம் 100 சதவீதத்தில் நின்றால் மட்டுமே பிராசசரைக் குறை சொல்ல முடியும். நீங்கள் விவரித்திருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால் முதல் இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஹார்டு டிஸ்க் ஏன் இவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதற்குக் காரணம் எளிது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லிவிநாடி ஆகிறது. தேடும் தகவல் தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அதில் பாதி நேரம், தலை சரியான தடத்துக்கு நகர மேலும் சில மில்லிவிநாடிகள். கூட்டிப் பார்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் அதனால் எடுத்துத் தர முடியாது. விண்டோஸ் தொடங்கும்போதும், நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்களை ஏற்றிக்கொண்டு கோரல் டிரா திறக்கும்போதும் நடப்பது இந்தச் சிதறிய வாசிப்புதான். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி, அதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும். ஆகவே பத்து நிமிடக் காத்திருப்பு ஒரு நிமிடத்துக்குள் அடங்குவது இயல்பு. (எழுத்துருக்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு: டிடிபி மையங்களில் ஆயிரக்கணக்கான எழுத்துருக்களை நிறுவி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், வேலைக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தனி ஃபோல்டருக்கு மாற்றினால், ஒரு ரூபாய் செலவில்லாமலே மென்பொருள்கள் சற்று வேகமாகத் திறக்கும்.)

உங்கள் மதர்போர்டுக்கு வாங்க வேண்டியது, ஹார்டு டிஸ்கைப் போலவே சாட்டா இணைப்பில் செருகும் 2.5 அங்குல எஸ்எஸ்டி. புதிய கணினிகளில் இருக்கும் என்விஎம்இ வகை இதைவிடப் பல மடங்கு வேகமானது என்பது உண்மைதான், ஆனால் எச்81 போர்டுகளில் பொதுவாக அதற்கான இடமே இருக்காது. அடாப்டர் போட்டுப் பொருத்தினாலும் அதிலிருந்து விண்டோஸ் தொடங்க அந்தக் காலத்து பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் மதர்போர்டு மென்பொருள்) பொதுவாக ஒத்துழைக்காது. எச்81 சிப்செட்டில் சாட்டா இணைப்பு இரண்டு வகை: விநாடிக்கு 6 கிகாபிட் செல்லும் இணைப்புகள் இரண்டு, 3 கிகாபிட் இணைப்புகள் இரண்டு. எஸ்எஸ்டியை 6 கிகாபிட் இணைப்பில்தான் செருக வேண்டும். எது எந்த வகை என்று போர்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். கடைக்காரர் கைக்கு எட்டியதில் செருகிவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ராம். பத்தடிக்கு எட்டடி பேனரை அங்குலத்துக்கு 72 புள்ளி வீதம் திறந்தால் 8,640-க்கு 6,912 பிக்சல், அதாவது ஏறத்தாழ ஆறு கோடிப் புள்ளிகள். நான்கு வண்ண அச்சு முறையில் ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால், ஒரே ஒரு லேயருக்கு 240 எம்பி அளவுக்கு வருகிறது. பின்னணி, தலைவர் படம், வாழ்த்துவோர் படங்கள், மாலை, எழுத்துகள் என்று பத்து லேயர் சேர்ந்தால் 2 ஜிபியைத் தாண்டலாம். 4 ஜிபி ராமில் ஏறக்குறைய பாதியை விண்டோஸே எடுத்துக்கொண்டுவிடுவதால், ஃபோட்டோஷாப் மிச்சத்தை ஹார்டு டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கிறது. நீங்கள் டீக்கடைக்குப் போய் வரும் நேரம் அதில்தான் கழிகிறது.

எச்81 போர்டில் ராம் செருக இரண்டே இடங்கள். அதிகபட்சம் 16 ஜிபி. இரண்டு 8 ஜிபி டிடிஆர்3 போடுவது சிறப்பு; கையிருப்பு குறைவென்றால், இருக்கும் 4 ஜிபியோடு ஓர் 8 ஜிபி சேர்த்து 12 ஜிபியாக்கினாலும் வேலை நடக்கும். ஆனால் அதற்கு முன், உங்கள் விண்டோஸ் 64-பிட்தானா என்று சிஸ்டம் பக்கத்தில் பாருங்கள். பழைய டாங்கிளுக்காகவோ (மென்பொருள் உரிமத்துக்காகக் கணினியில் செருகி வைக்கும் சிறு சாதனம்) பேஜ்மேக்கருக்காகவோ 32-பிட் விண்டோஸ் போட்டு வைத்திருக்கும் டிடிபி மையங்கள் உண்டு. அதில் எவ்வளவு ராம் செருகினாலும் 4 ஜிபிக்கு மேல் பயன்படாது, போட்ட பணம் வீண்.

இங்கே நான் கடைப்பிடிக்கும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். பழைய கணினிக்கு எதை வாங்கினாலும், அடுத்த கணினிக்கு அது கூட வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாட்டா எஸ்எஸ்டி வரும், இன்றைய மதர்போர்டுகளிலும் அதற்கு இணைப்பு உண்டு. நல்ல மானிட்டர், யூபிஎஸ் ஆகியவையும் வரும். டிடிஆர்3 ராம் வராது. அது இந்த மதர்போர்டோடு முடிந்துவிடும். ஆகவே எஸ்எஸ்டியைப் பெயர்பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பாக, உத்தரவாதத்தோடு புதிதாக வாங்குங்கள். ராமை மட்டும் பழைய பொருளாக, சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில், சோதித்துப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். பழைய ராம் வாங்குவதில் இரண்டு பொறிகள் உண்டு. மிக மலிவாகக் கிடைக்கும் சில 8 ஜிபி டிடிஆர்3 துண்டுகள் ஏஎம்டி போர்டுகளில் மட்டுமே வேலை செய்யும். சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு வகை உங்கள் போர்டில் வேலையே செய்யாது. வேலை செய்யாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். 1.35 வோல்ட் வகை கிடைத்தால் தயங்க வேண்டாம், நாலாம் தலைமுறை பிராசசர் அதை ஏற்கும்.

பிராசசரை ஐ7-4790 ஆக மாற்றிக்கொள்ளலாமே என்று யாராவது சொல்லக்கூடும். அதே சாக்கெட்டில் அது உட்காரும் என்பது உண்மை. ஆனால் உங்கள் ஐ5-4460 உச்சத்தில் 3.4 கிகாஹெர்ட்ஸ், அது 4.0 கிகாஹெர்ட்ஸ், இரண்டிலும் கோர் (பிராசசருக்குள் கணக்கிடும் அலகு) நான்குதான். அழைப்பிதழ் வடிவமைப்பில் பெரும்பாலான நேரம் ஒரே கோர்தான் உழைக்கும் என்பதால், கிடைப்பது ஆறில் ஒரு பங்கு வேகம். அதற்காக அடுத்த கணினிக்கு வராத ஒரு பொருளில் பணம் போடுவது நியாயமாகாது. கிராஃபிக்ஸ் கார்டும் அப்படித்தான்: பேஜ்மேக்கருக்கும் சிஎஸ்6-க்கும் பிராசசருக்குள்ளேயே இருப்பது போதும்.

எஸ்எஸ்டி போடக் கேபினெட்டைத் திறக்கும்போதே தூசியைத் தட்டி, பிராசசர் மேலிருக்கும் காய்ந்த தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். கடிகாரம் அடிக்கடி பின்னுக்குப் போகிறதென்றால் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள், சில்லறைச் செலவு. எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) 2014-இலிருந்து மாற்றப்படாததாக இருந்தால் அதை மாற்றுவது நல்லது. லேபிளில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை நம்பாமல் 80 பிளஸ் என்ற மின்திறன் சான்று உள்ளதை வாங்கினால், அதுவும் அடுத்த கணினிக்கு வரும்.

இனி, இரண்டாம் கடைக்காரர் சொன்னதில் இருக்கும் நியாயத்துக்கு வருகிறேன். அது வேகத்தைப் பற்றியதே அல்ல. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது. தனிநபர் கணினிகளுக்கென அறிவித்த கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை மட்டுமே. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசரும் வேண்டும் என்பதால் உங்கள் கணினி அந்தப் பட்டியலில் வராது. இந்தச் சோதனையைத் தாண்டி நிறுவும் குறுக்கு வழிகள் உண்டு, ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பிழைப்பு நடக்கும் கணினியில் நான் அதைச் செய்ய மாட்டேன். உங்கள் தொழிலில் இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், ஏனெனில் வாட்ஸ்அப் வெப்பில் வரும் படங்களும், நாள்தோறும் வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து செருகும் பென் டிரைவ்களும் நேராக அந்தக் கணினிக்குள்தான் போகின்றன.

அப்படியானால் எல்லாவற்றையும் புதிய கணினிக்கு மாற்றிவிட்டால் என்ன? உங்கள் விஷயத்தில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பேஜ்மேக்கர் 7 வெளியானது 2001-இல்; அதன் பிறகு அதற்குப் புதிய பதிப்பே வரவில்லை. அடோபியின் இன்னொரு பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனும் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது சிஎஸ்6 வரைதான். விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. பழைய மென்பொருள்கள் சிலவற்றின் 16-பிட் நிறுவிகள் 64-பிட் விண்டோஸில் ஓடா. ஸ்ரீலிபி போன்ற எழுத்துரு மென்பொருளை டாங்கிளோடு வைத்திருக்கிறீர்கள் என்றால், அந்த டாங்கிள் யூஎஸ்பியில் செருகுவதா, பழைய பிரின்டர் போர்ட்டில் செருகுவதா, அதற்கு 64-பிட் டிரைவர் உண்டா என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் புதிய கணினி வாங்கினால், பத்தாண்டு அழைப்பிதழ்க் கோப்புகள் அத்தனையும் கண்ணுக்குத் தெரிந்தும் திறக்க முடியாதவையாகிவிடும். தை, ஆவணி முகூர்த்த நெருக்கடியில் பழைய வாடிக்கையாளர் வந்து, அண்ணன் கல்யாணத்துக்கு அடித்த அதே மாதிரி வேண்டும் என்று கேட்கும்போதுதான் இதன் வலி தெரியும்.

அதனால்தான் இரண்டு கணினி என்கிறேன். எஸ்எஸ்டியும் ராமும் போட்ட பழைய கணினி, இணைய இணைப்பே இல்லாமல், பேஜ்மேக்கருக்கும் பழைய கோப்புகளுக்கும் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப், மின்னஞ்சல், பென் டிரைவ், பெரிய பேனர் ஆகியவை இன்னொரு கணினிக்குப் போகட்டும். வெளியிலிருந்து வரும் படங்களை அங்கே சோதித்த பிறகே, கடைக்கென்று வைத்திருக்கும் தனி பென் டிரைவில் பழைய கணினிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

அந்த இரண்டாம் கணினியைப் புதிதாகத்தான் அசெம்பிள் செய்ய வேண்டும் என்பதில்லை. 2025-இன் பிற்பகுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் ராம் விலை இரு மடங்குக்கும் மேலே போய்விட்டதால், அண்மைக் காலத்தில் புதிதாக அசெம்பிள் செய்வதற்குச் சாதகமான சூழல் இல்லை. நிறுவனங்கள் கழித்துவிடும் அலுவலகக் கணினிகளில், ஐ5-8500 போன்ற எட்டாம் தலைமுறை ஆறு கோர் பிராசசர் உள்ளதைத் தேடுங்கள். விண்டோஸ் 11-ஐ அது முறையாகவே ஏற்கும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளை இன்னும் மலிவாகக் காட்டுவார்கள். உங்கள் பழைய கணினிக்கு இருக்கும் அதே விண்டோஸ் சிக்கல் அவற்றுக்கும் உண்டு என்பதால் வேண்டாம். அலுவலகக் கணினிகளில் எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு இரண்டும் அந்தந்த நிறுவனத்தின் தனி வடிவத்தில் இருப்பது வழக்கம். பழுதானால் கடையில் கிடைக்கும் பொதுப் பாகம் பொருந்தாது என்பதை விலை பேசும்போது நினைவில் வையுங்கள்.

புதிதாகவே போடுவதென்று முடிவு செய்தால், டிடிஆர்4 போர்டில் ஐ5-12400 அல்லது ரைசன் 5 5600ஜி, 16 ஜிபி ராம், என்விஎம்இ எஸ்எஸ்டி என்பதே உங்கள் வேலைக்குத் தாராளம். இரண்டு பிராசசரிலும் ஆறு கோர், இரண்டிலும் உள்ளேயே கிராஃபிக்ஸ் உண்டு. ஆனால் 12400-இன் பெயரில் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் இருக்காது; சில நூறு ரூபாய் குறைகிறது என்று அதை வாங்கிவிட்டுப் பிறகு கார்டு தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செலவுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். பழைய கணினிக்கான எஸ்எஸ்டி, ராம், எஸ்எம்பிஎஸ், கூலி எல்லாம் சேர்ந்து, புதிய கணினிக்குக் கடைக்காரர் எழுதித் தரும் கொட்டேஷனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், எஸ்எம்பிஎஸ்ஸையும் இரண்டாவது ராம் துண்டையும் விட்டுவிட்டு எஸ்எஸ்டியோடு நிறுத்துங்கள். மதர்போர்டில் உப்பிய கெப்பாசிட்டர் ஏதும் கண்ணில் பட்டால் ராமும் வேண்டாம்.

வேலையைத் தொடங்கும் முன், எல்லாக் கோப்புகளையும் எழுத்துருக்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அதிலிருந்து நாலைந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்து பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசச் செயலி உங்கள் ஹார்டு டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும். அதில் மஞ்சளோ சிவப்போ தெரிந்தால், எஸ்எஸ்டி வாங்கக் கடைக்குப் போவதை மறுநாளுக்கு ஒத்திவைத்துவிட்டு அன்றைக்கே நகலெடுத்து முடியுங்கள்.