முகமில்லாத கடிகாரம் ஓடும் வீடு: கட்டீல் மாளிகை பற்றி உங்கள் கேள்விகள்

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், டேமர் ஆற்றங்கரையில் மரங்களுக்கு நடுவே நிற்கிறது கட்டீல் என்ற பழைய மேனர் ஹவுஸ். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'கோட்டிஹீல்' என்று படிக்கத் தோன்றும். அந்த ஊர்க்காரர்கள் சொல்வது கட்டீல். அதைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் நிறையப் பேர் பேய் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

கேள்வி: மேனர் ஹவுஸ் என்றால் நம் ஜமீன் பங்களா மாதிரியா, சார்?

ஏறத்தாழ அப்படித்தான். மேனர் என்பது முதலில் நிலத்தைக் குறித்த சொல். அந்த நிலத்தில் குத்தகை வாங்கவும், குடிகளின் சில்லறை வழக்குகளைத் தீர்க்கவும் உரிமை பெற்றவர் குடியிருந்த வீடுதான் மேனர் ஹவுஸ். கட்டீல் 1353-இல் ஒரு திருமணத்தின் வழியாக எட்ஜ்கம்ப் குடும்பத்துக்கு வந்தது. அப்புறம் ஏறக்குறைய 600 வருஷம் அவர்கள் கையிலேயே இருந்தது.

கேள்வி: அப்படியானால் கட்டடத்துக்கும் அறுநூறு வயதா?

அவ்வளவு இல்லை. இன்று பார்ப்பதில் பெரும்பகுதி சர் ரிச்சர்ட் எட்ஜ்கம்பும் அவர் மகன் சர் பியர்ஸும் கட்டியது. 1485-க்கும் 1539-க்கும் இடைப்பட்ட வேலை. சுவர் உள்ளூர்ப் பலகைக்கல், மூலைகளுக்கும் ஜன்னல் சட்டங்களுக்கும் கிரானைட். வெளியிலிருந்து பார்த்தால் முறைத்துக்கொண்டு நிற்பது போல இருக்கும், ஏனென்றால் நல்ல ஜன்னல்களெல்லாம் உள்முற்றத்தைப் பார்த்தே திறக்கின்றன. அதற்குள் இருக்கும் பெரிய கூடத்துக்கு மேல்தளம் கிடையாது. நின்று அண்ணாந்தால் நேராகக் கூரைதான்: வளைந்த மரத்தாங்கிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கோலம் போட்டதுபோல் போகின்றன.

கேள்வி: வீட்டுக்குள்ளேயே சேப்பல் என்ற சிறு வழிபாட்டறை எதற்கு? ஊரில் தேவாலயம் இல்லையா?

இருந்தது. ஆனால் அன்றைய கத்தோலிக்க இங்கிலாந்தில் வசதியுள்ள குடும்பங்கள் ஆயரிடம் அனுமதி வாங்கி வீட்டிலேயே திருப்பலி வைத்துக்கொள்வது வழக்கம். கௌரவம் ஒரு காரணம், மழையும் சேறும் இன்னொரு காரணம். மாடியில் ஓர் அறையில் சுவரைத் துளைத்து இரண்டு பார்வைத்துளைகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று கூடத்தைப் பார்க்கும், மற்றது சேப்பலை. கீழே இறங்காமலே பூசையும் காணலாம், விருந்தாளிகள் என்ன செய்கிறார்கள் என்றும் நோட்டம் விடலாம்.

கேள்வி: அந்தச் சேப்பலில் முள் இல்லாத கடிகாரம் இருக்கிறதாமே? முள் இல்லாமல் எப்படி நேரம் பார்ப்பது?

பார்க்க வேண்டாம், கேட்டால் போதும். நாம் 'மணி என்ன?' என்று கேட்கிறோமே, நமக்கு ஓசையும் நேரமும் ஒரே சொல்தான். ஆங்கிலக் 'கிளாக்' கூட மணியைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. கட்டீல் கடிகாரம் ஒவ்வொரு மணிக்கும் மேலே தொங்கும் மணியை அடிக்கும், அத்தோடு அதன் வேலை முடிந்தது.

எனக்கு இந்த வீட்டிலேயே பிடித்த பொருள் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். சேப்பல் சுவரில் ஒடுக்கமான ஒரு மாடம். அதில் இரும்புச் சட்டம், சக்கரங்கள், கயிற்றில் தொங்கும் இரண்டு எடைகள். ஒன்று ஓட்டத்துக்கு, மற்றது மணி அடிக்க. எடை தன் பாட்டுக்கு இறங்கினால் சக்கரம் விர்ரென்று சுழன்றுவிடும். அதைத் தடுக்க, செங்குத்தான ஒரு தண்டில் இரண்டு சிறு தகடுகள், தண்டின் தலையில் குறுக்கே ஒரு சட்டம். சக்கரத்தின் பல் ஒரு தகட்டைத் தள்ளும், சட்டம் ஒரு பக்கம் திரும்பும். உடனே மறு தகடு அடுத்த பல்லை மறிக்கும், சட்டம் திரும்பி வரும். பெண்டுலம் கடிகாரம் வந்ததே 1656-இல். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தைய ஏற்பாடு இது. நடுவில் யாரோ இதற்கும் பெண்டுலம் மாட்டிவிட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டில் அதைக் கழற்றிப் பழைய முறைக்கே கொண்டுவந்தார்கள்.

கேள்வி: காட்டுக்குள் இன்னொரு சேப்பல் உண்டு என்று படித்தேன்.

உண்டு, ஆற்றை ஒட்டிய பாறை விளிம்பில். 1483-இல் சர் ரிச்சர்ட், மூன்றாம் ரிச்சர்ட் மன்னருக்கு எதிரான கலகத்தில் சேர்ந்தார். மன்னரின் ஆட்கள் துரத்தியபோது, தொப்பிக்குள் கல்லை வைத்து ஆற்றில் எறிந்தாராம். சத்தம் கேட்டு, மிதந்த தொப்பியையும் பார்த்து, ஆள் மூழ்கிவிட்டான் என்று அவர்கள் திரும்பிப் போனார்களாம். தொப்பிக் கதை குடும்பம் வழிவழியாகச் சொல்லி வந்தது. ஆனால் அவர் இன்றைய பிரான்ஸில் இருக்கும் பிரிட்டனிக்குத் தப்பி, அரியணைக்கு உரிமை கோரிய ஹென்றி டியூடருடன் சேர்ந்ததும், 1485-இல் ஹென்றி அரசராகி டியூடர் வம்சம் தொடங்கியதும் வரலாறு. ஊர் திரும்பியவர் ஒளிந்திருந்த இடத்தில் நன்றிக்காகக் கட்டியது அந்தச் சேப்பல்.

கேள்வி: இவ்வளவு பணக்காரக் குடும்பம் வீட்டை ஏன் இடித்துப் புதிதாகக் கட்டவில்லை?

கட்டினார்களே, வேறு இடத்தில்! பியர்ஸின் மகன் 1550 வாக்கில் பிளிமத் துறைமுகத்துக்கு எதிரே மவுண்ட் எட்ஜ்கம்ப் என்ற மாளிகையை எழுப்பினார். குடும்பத்தின் கவனமும் காசும் அங்கே போயின. ஜன்னலைப் பெரிதாக்கு, கூரையை மாற்று என்று கட்டீலை யாரும் நோண்டவில்லை. கடைசியில் 1941-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் எரிந்தது அந்தப் புது மாளிகைதான். கட்டீல் 1947-இல் வாரிசு வரிக்கு ஈடாக அரசிடம் போய், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது.

கேள்வி: அப்போ உள்ளே இருக்கும் சாமான்களும் டியூடர் காலத்தவையா?

இல்லை, அங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது. 18-ஆம் நூற்றாண்டிலேயே அந்தக் குடும்பம் இதைப் பழமைக் காட்சிக்கூடம் போல அலங்கரிக்கத் தொடங்கிவிட்டது. 1789-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரும் அரசியும் வந்து பார்த்துப் போனார்கள். சுவர்த்திரைகளைக் கவனியுங்கள்: பல 17-ஆம் நூற்றாண்டுத் துணிகள், அறைக்குப் பொருந்துவதற்காகக் கூசாமல் கத்தரித்து ஒட்டியிருக்கிறார்கள். சில நாற்காலிகள் பழைய செதுக்குப் பலகைகளைச் சேர்த்துப் பின்னால் செய்தவை.

கேள்வி: உள்ளே எடுத்த படங்கள் எல்லாம் ஏன் இருட்டாகவே இருக்கின்றன?

பழைய அறைகளில் மின்விளக்கு இல்லை. வெயில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். அப்புறம், முழு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே சேப்பலில் போய் நின்றுகொள்ளுங்கள். அந்தப் பழைய கடிகாரம் அவ்வளவு துல்லியமில்லை, உங்கள் கைக்கடிகாரத்தை நம்பிப் போனால் மணி முன்னாலேயே அடித்து முடித்திருக்கலாம்.