சாவியை யாரிடம் கொடுத்தீர்கள்?

கேள்வி: ஐயா, டோங்காட்டில் எங்கள் ஊருக்கென்று ஓர் இணையதளத்தைப் பத்து வருஷத்துக்கு மேல் தனியாளாக நடத்தி வருகிறேன். தண்ணீர் நிற்கும் நேரம், மின்வெட்டு, கோயில் பூஜை, மரண அறிவிப்பு எல்லாம் அதில் வரும். தமிழில் ஒரு பக்கமும் எழுதுகிறேன். இப்போது முடியவில்லை. விலகலாம் என்றால் யாரும் முன்வரவில்லை. இளைஞர்கள் யாராவது வந்தாலும் அவர்களுக்குத் தமிழ் வராது. பாதியில் விட்டால் ஊருக்குத் துரோகம் ஆகாதா? வேறொருவர் எடுத்துக்கொண்டால் நான் ஆலோசகராக இருந்து பார்த்துக்கொள்ளலாமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், டோங்காட், டர்பன் அருகே, தென்னாப்பிரிக்கா)

பதில்: துரோகம் எல்லாம் பெரிய வார்த்தை. சம்பளம் வாங்காமல் செய்த வேலையை விடுவதற்கு நீங்கள் யார் காலிலும் விழ வேண்டாம். தாராளமாக விலகுங்கள்.

ஆனால் 'யாரும் முன்வரவில்லை' என்கிறீர்களே, அதை என்னால் அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. இங்கே உங்கள் கேள்வியைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் நீங்களே எழுதியிருப்பது இது: டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, உங்கள் பெயரில். தளத்தை இணையத்தில் வைத்திருக்க ஆகும் ஹோஸ்டிங் கட்டணம் உங்கள் வீட்டம்மாவின் வங்கி அட்டையில். பாஸ்வேர்ட் எல்லாம் உங்கள் தலைக்குள். கோயில் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, விளக்கேற்ற ஆள் வரவில்லையே என்று வருத்தப்பட்டால் எப்படி? இந்த வேலைக்கு வாரம் எத்தனை மணி நேரம் ஆகும், வருஷத்துக்கு எத்தனை ராண்ட் ஆகும் என்று ஊரில் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? அளவு தெரியாத மூட்டைக்கு யார் தோள் கொடுப்பார்கள்?

உங்கள் உழைப்பைக் குறைத்துப் பேசவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் கிடந்தது. அப்போது தண்ணீர் லாரி எங்கே நிற்கிறது என்று உங்கள் தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலர் வாளியோடு ஓடினார்கள் என்கிறீர்கள். நம்புகிறேன். அதனால்தான் கேட்கிறேன்: அந்த மாதங்களில் நீங்கள் படுத்த படுக்கையாகியிருந்தால்?

டர்பன்காரர்களுக்குத் தெரிந்த பழைய கதைதான், இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை 1903 ஜூனில் டர்பனில் தொடங்கியது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நாலு மொழி. முதல் ஆசிரியர் மன்சுக்லால் நாசர். சம்பளம் வாங்காமல் உழைத்தவர், 1906 ஜனவரியில் திடீரென்று இறந்துபோனார். பணம் பெரும்பாலும் காந்தியின் கையிலிருந்துதான் போனது. ஒரு கட்டத்தில் மாதம் 75 பவுன் வரை அனுப்பினார், அந்தக் காலத்துப் பவுன். வக்கீல் தொழிலில் சம்பாதித்ததை அச்சகம் விழுங்கியது. உங்கள் ஹோஸ்டிங் பில் எல்லாம் அதன் முன்னால் எம்மாத்திரம்?

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு வேண்டியது. 1914 ஜூலையில் காந்தி இந்த நாட்டை விட்டுக் கிளம்பினார். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1912லேயே, பத்திரிகை அச்சான ஃபீனிக்ஸ் குடியிருப்பை அறங்காவலர்கள் பெயருக்கு எழுதி வைத்தாயிற்று. கப்பல் ஏறுகிற அன்று அவசர அவசரமாக ஆள் தேடவில்லை. 1920 முதல் மகன் மணிலால் ஆசிரியராக இருந்தார். 1956இல் அவர் இறந்த பிறகு மனைவி சுசீலா நடத்தினார். 1961இல் பத்திரிகை நின்றது. தொடங்கி வைத்தவர் போன பிறகு 47 வருஷம் ஓடியிருக்கிறது.

இதே பத்திரிகையில் நமக்கு வலிக்கிற ஒரு சங்கதியும் உண்டு. தமிழ், இந்திப் பகுதிகள் 1906லேயே நிறுத்தப்பட்டன. அவற்றை எழுதித் திருத்தி அச்சுக் கோக்க ஆட்களை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. தமிழர்கள் இத்தனை பேர் இருந்த நேட்டாலில், அதாவது டர்பனும் சுற்றுவட்டாரமும் சேர்ந்த பகுதியில், தமிழ்ப் பக்கம் மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, கோபமும் உண்டு. ஆனால் தமிழ்ப் பகுதிக்கு ஆள் இல்லை என்பதற்காகப் பத்திரிகையையே மூடியிருந்தால், பின்னால் சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போன தமிழர்களைப் பற்றி யார் எழுதியிருப்பார்கள்?

உங்கள் இரண்டு கவலைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடாதீர்கள். தண்ணீர் எப்போது வரும் என்பதை ஆங்கிலத்தில் படித்துக்கொள்வார்கள். அதை எழுத வருகிற பையனுக்குத் தமிழ் வரவில்லை என்று சொல்லித் தட்டிக்கழிப்பது, மன்னிக்கவும், சாக்கு. அவனுடைய ஆயாவுக்கே தமிழ் பேசத்தான் வந்திருக்கும், எழுதப் படிக்க வந்திருக்காது. அவன் என்ன செய்வான்? தமிழ்ப் பக்கத்தைத் தனியாக, நல்லபடியாக, ஒரு விடைபெறும் குறிப்போடு நிறுத்துங்கள். எழுதுகிற ஆசை இன்னும் மிச்சம் இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கள். எங்களுக்கும் ஆள் பஞ்சம்தான்.

சரி, இனி செய்ய வேண்டியது. முதலில் ஒரு தேதி குறித்துத் தளத்திலேயே போடுங்கள். 'யாராவது கிடைக்கும்வரை' என்பது தேதி ஆகாது. டொமைனையும் ஹோஸ்டிங்கையும் தனி ஆள் பெயரிலிருந்து ஒரு சங்கத்தின் பெயருக்கு மாற்றுங்கள். ஊரில் கோயில் சபை இருக்கிறது, பள்ளிக்கூடக் கமிட்டி இருக்கிறது, குடியிருப்போர் சங்கம் இருக்கிறது. எதுவானாலும் இரண்டு பேரிடம் பாஸ்வேர்ட் இருக்க வேண்டும். வார்டு கவுன்சிலருக்கோ, அவர் இடத்துக்கு வர நினைக்கிறவருக்கோ மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தேர்தல் வந்தால் மரண அறிவிப்புக்கு மேலேகூட அவர் படம்தான் இருக்கும்.

யாருமே வராவிட்டால் மூடுங்கள். ஒழுங்காக மூடுவதில் அவமானம் எதுவும் இல்லை. டொமைனை மட்டும் சும்மா காலாவதியாக விட்டுவிடாதீர்கள். புதுப்பிக்காமல் விட்ட பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். போன மாதம்வரை காவடித் தேதி போட்டிருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடும். புதிய பதிவுகளை நிறுத்திய பிறகும் இரண்டு வருஷமாவது பெயரைக் கட்டிக் காப்பாற்றுங்கள்.

பழைய மரண அறிவிப்புகளை அழித்துவிடாதீர்கள். யார் யாருக்கு உறவு, எந்தத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் என்பது நம் ஆட்களில் பலருக்கு அந்த நாலு வரியில்தான் எழுத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கிற காந்தி-லுத்துலி ஆவண மையத்திடம், வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைக் காத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் பக்கங்களைச் சேமித்து வையுங்கள், காசு கேட்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் தொலைபேசி எண்களின் கதை வேறு. இந்த நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது. அந்த ஆன்ட்டிமார்கள் எண்ணைக் கொடுத்தது உங்களை நம்பி. பொறுப்பு கைமாறுகிறது என்று முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள். வேண்டாம் என்பவர்களின் எண்ணை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள்.

கடைசியாக, ஆலோசகர் பதவி. வேண்டவே வேண்டாம். ஒரு மாதம் கூட இருந்து வேலையைக் காட்டிக்கொடுங்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். புதிய பையன் நிறத்தை மாற்றுவான், நீங்கள் ஆசையாக வைத்த தலைப்புப் படத்தைத் தூக்குவான், உங்களுக்குப் பிடிக்காத எழுத்துருவைப் போடுவான். போடட்டும். கூழ் ஊற்றுகிற தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டால்? அந்த ஆன்ட்டிமார்கள் விடிவதற்குள் போன் பண்ணிவிடுவார்கள். இந்தத் தடவை அவனுக்கு.