கையேட்டில் எழுதியது முதலில் யாரைக் கட்டும்?

வாசகர் கேள்வி – பதில்: வேலையிடச் சட்டம்

ஊழியர் கையேடு பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில்கள் தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்தும். சபாவுக்கும் சரவாக்குக்கும் தொழிலாளர் சட்டம் தனி. கூச்சிங்கில் கிளை வைத்திருப்பவர்கள் கோலாலம்பூர் கையேட்டை அப்படியே அங்கே கொடுத்துவிட வேண்டாம்.

பட்டர்வொர்த்தில் 35 பேர் வேலை செய்யும் ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் எச்.ஆர். வேலையை நான் ஒருத்தியே பார்க்கிறேன். எங்கள் கையேடு 2016-இல் அச்சடித்தது. "பிரசவ விடுப்பு 60 நாள் என்பதை 98 ஆக்கிவிடு, மற்றது அப்படியே இருக்கட்டும்" என்கிறார் முதலாளி. அது போதுமா?

போதாது. 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்த பெரிய திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2016 கையேட்டில் அது தொடாத பக்கம் குறைவு.

முதல் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். "மாதம் 2,000 ரிங்கிட்டுக்குள் சம்பளம் பெறுவோருக்குச் சட்டப்படியான சலுகைகள்" என்று ஒரு வரி இருக்கும். அதை அடித்துவிடுங்கள். இப்போது சட்டம் எல்லா ஊழியருக்கும் பொருந்தும். 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்கு ஓ.டி. (கூடுதல் நேர வேலைக்கான கூலி), ஓய்வுநாள் வேலைக்கான கூலி, பொது விடுமுறையில் வேலை செய்தால் கிடைக்கும் கூடுதல் கூலி, ஷிப்ட் அலவன்ஸ், ஆட்குறைப்பு இழப்பீடு ஆகியவை மட்டும் சட்டப்படி கட்டாயமில்லை. 6,500 ரிங்கிட் வாங்கும் மேனேஜருக்கும் 98 நாள் பிரசவ விடுப்பு உண்டு, எம்.சி. (மருத்துவர் சான்றோடு எடுக்கும் நோய் விடுப்பு) உண்டு, வாரம் ஒரு முழு ஓய்வுநாளும் உண்டு.

அடுத்தது வேலை நேரம். காசு கசிவது இங்கேதான். வாரத்துக்கு 48 மணி நேரம் என்றிருந்த உச்சவரம்பு 45 ஆகிவிட்டது. திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை என்று உங்கள் கையேட்டில் இருந்தால், ஆறு எட்டு நாற்பத்தெட்டு. மிஞ்சும் 3 மணி நேரம் ஓ.டி. கணக்கில் வரும். 2,600 ரிங்கிட் சம்பளக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 100. எட்டால் வகுத்தால் மணிக்கு 12.50. ஒன்றரை மடங்கு என்றால் 18.75. மூன்று மணி நேரத்துக்கு 56.25. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,925 ரிங்கிட். இதைக் கணக்கு போட்டுக் காட்டிய பிறகு முதலாளி "மற்றது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்வாரா, கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமையை 9 முதல் 2 வரை என்று மாற்றினால் கணக்கு 45-இல் சரியாக நிற்கும். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால்தான் 30 நிமிட இடைவேளை கட்டாயம். ஆகவே இதில் அந்தச் சிக்கலும் வராது.

பழைய கையேடுகள் மருத்துவ விடுப்பை "மருத்துவமனையில் சேர்ந்தால் எம்.சி. உட்பட மொத்தம் 60 நாள்" என்று சொல்லும். "உட்பட" என்ற சொல்தான் தவறு. இப்போது மருத்துவமனை விடுப்பு 60 நாள் தனி, எம்.சி. தனி. எம்.சி. நாள்களின் எண்ணிக்கை மாறவில்லை: 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 14, 2 முதல் 5 ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22.

புதிதாகச் சேர்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, தந்தையர் விடுப்பு. மணமான ஆண் ஊழியருக்குத் தொடர்ச்சியாக 7 நாள், சம்பளத்தோடு, ஐந்து பிரசவம் வரை. அவர் உங்களிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும், 30 நாள் முன்னதாகவோ குழந்தை பிறந்தபின் கூடிய விரைவிலோ தெரிவிக்க வேண்டும். இரண்டு, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றிக் கேட்கும் உரிமை. ஊழியர் எழுத்தில் கேட்டால் 60 நாளுக்குள் நீங்கள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணத்தோடு. "ஒப்புக்கொள்வோம்" என்று கையேட்டில் எழுதிவிடாதீர்கள். சட்டம் கேட்பது பதிலை மட்டும்தான். மூன்று, பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பு. கையேட்டில் அத்தியாயம் எழுதினால் மட்டும் போதாது, வேலையிடத்தில் கண்ணில் படும்படி எப்போதும் ஒட்டியிருக்க வேண்டும். புகாரை விசாரிக்க மறுக்கும் முதலாளி 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். விசாரிக்காமலே விட்டால் அபராதம் 50,000 ரிங்கிட் வரை போகலாம்.

சட்டத்துக்குக் கீழே போகும் எந்த வரியும் செல்லாது, அந்த இடத்தில் சட்டமே நிற்கும் என்று 7-ஆவது பிரிவு சொல்கிறது. "அப்படியானால் ஏன் திருத்த வேண்டும், சட்டம்தான் தானாக நிற்குமே" என்று முதலாளி மடக்கலாம். சம்பளம் போடுகிறவர் சட்டப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை, கையேட்டைப் பார்த்துத்தான் போடுகிறார் என்று சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். தாமதமாக வந்தால் 10 ரிங்கிட், தட்டு உடைத்தால் அதன் விலை என்று விதி போட்டு, வேலைக்குச் சேரும்போதே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். சட்டப்படி சரிதானே?

கையெழுத்து இருந்தாலும் சரியில்லை. சம்பளத்திலிருந்து எதைப் பிடிக்கலாம் என்று வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்துவிட்ட சம்பளம் (முந்தைய மூன்று மாதத்துக்குள் கொடுத்தது மட்டும்), வட்டியில்லா முன்பணம், நோட்டீஸ் தராமல் போனவர் தர வேண்டிய தொகை, இ.பி.எஃப். (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) போல வேறு சட்டம் பிடிக்கச் சொல்வது போன்றவை அதில் உண்டு. தாமத அபராதமும் தட்டு விலையும் அந்தப் பட்டியலில் இல்லை.

தாமதத்தை ஒழுங்கு நடவடிக்கையாக எடுங்கள். வாய்மொழி எச்சரிக்கையானாலும் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்தது எழுத்துமூல எச்சரிக்கை. நேரத்தோடு வருபவருக்கு மாதம் 50 ரிங்கிட் வருகைப்படி கொடுத்து, வராத மாதம் அதைக் கொடுக்காமல் விடுவது பல கடைகளில் இருக்கும் வழி. அதன் நிபந்தனையை ஒரே வாக்கியத்தில் தெளிவாக எழுதுங்கள். ஆனால் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டுக்குள் அந்த 50-ஐச் சொருகாதீர்கள். உடைந்த தட்டு, கடையின் செலவு.

தீபாவளி சட்டப்படி கட்டாய விடுமுறை இல்லை என்கிறார் எங்கள் மேலாளர். உண்மையா? (செந்தூல்)

உண்மைதான், கேட்கச் சங்கடமாக இருந்தாலும். ஆண்டுக்கு 11 பொது விடுமுறை தர வேண்டும். அதில் மாற்ற முடியாதவை ஐந்து: தேசிய தினம், பேரரசர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம், ஐந்தாவதாக வேலை செய்யும் மாநிலத்தின் ஆட்சியாளர் அல்லது ஆளுநர் பிறந்தநாள். கோலாலம்பூரில் வேலை செய்பவருக்கு அந்த ஐந்தாவது கூட்டரசுப் பிரதேச தினம், பிப்ரவரி 1. மீதி ஆறை, அரசிதழில் வந்த விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு பிறக்கும் முன்பே வேலையிடத்தில் ஒட்ட வேண்டும். தீபாவளி கிடைப்பதென்றால் அந்த ஆறில் ஒன்றாகத்தான் வர வேண்டும்.

கையேடு எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தேதிப் பட்டியலைக் கையேட்டுக்குள் அச்சடிக்காதீர்கள், ஆண்டுதோறும் மாறும் இணைப்பாக வையுங்கள். ஜார்ஜ்டவுனிலும் கோலாலம்பூரிலும் ஆள் இருந்தால் இரண்டு பட்டியல் வேண்டும். ஐந்தாவது நாளே இரண்டு இடத்திலும் வேறு.

வருடாந்திர விடுப்பு 18 நாள் கொடுத்துவந்தோம். வியாபாரம் மந்தம், 12 ஆக்கலாம் என்று யோசிக்கிறோம். "நிர்வாகம் எந்நேரமும் இந்தக் கையேட்டை மாற்றலாம்" என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. (பாயான் லெபாஸ்)

அந்த வரியை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இரண்டு ஆண்டு முடிந்தவருக்குச் சட்டத்தின் குறைந்தபட்சம் 12 நாள், ஐந்து ஆண்டு முடிந்தவருக்கு 16. ஆகவே மூத்தவர்களுக்கு 12 என்பது எப்படியும் செல்லாது. மற்றவர்களுக்கு உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். "விடுப்பு, மருத்துவச் சலுகை ஆகியவை கையேட்டின்படி" என்று அதில் இருந்தால் அந்தப் பக்கங்கள் வேலை ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டன. ஒப்பந்தத்தின் முக்கிய அம்சத்தை ஒருதலையாகக் குறைத்தால், "முதலாளியே ஒப்பந்தத்தை முறித்துவிட்டார்" என்று ஊழியர் விலகி, வேலைநீக்கம் என்று வழக்காடலாம். 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் தந்தால் அது தொழில்துறை நீதிமன்றம் வரை போகும். அங்கே தோற்றால் பழைய சம்பளப் பாக்கி 24 மாதம் வரை வரலாம்.

கையேட்டை இரண்டாகப் பிரிப்பது நல்லது. சம்பளம், நேரம், விடுப்பு, நோட்டீஸ் காலம் ஒரு பகுதி. இதை மாற்ற ஒவ்வொருவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். உடை, பார்க்கிங், கைப்பேசி, பஞ்ச் கார்டு போன்ற நடைமுறைகள் மறு பகுதி. இவற்றை அறிவிப்பு கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். போனஸ் எந்தப் பகுதி என்பது உங்கள் சொல்லில் இருக்கிறது. "ஆண்டு இறுதியில் ஒரு மாத போனஸ் வழங்கப்படும்" என்று எழுதினால் அது கடன். "நிர்வாகம் அந்தந்த ஆண்டின் நிலையைப் பார்த்து முடிவு செய்யும்" என்றால் அது நிர்வாகத்தின் முடிவு.

இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியை வைத்து ஒழுங்கு நடவடிக்கை அத்தியாயம் எழுதியிருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? (செராஸ்)

மாதிரி எந்த நாட்டுடையது என்பதை முதலில். "எந்தக் காரணமும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்" என்று இருந்தால் அது அமெரிக்கச் சரக்கு. இங்கே நோட்டீஸும் பணமும் கொடுத்தாலும் நியாயமான காரணம் வேண்டும், சோதனைக் காலத்தில் இருப்பவருக்கும்தான். "கேஷுவல் லீவ்" என்று இருந்தால் இந்தியாவிலிருந்து வந்தது. அந்தப் பெயரில் நம் சட்டத்தில் விடுப்பு இல்லை, எழுதிவிட்டால் நீங்களாகக் கொடுத்த சலுகையாகிவிடும்.

மூன்று இடங்களில் பேனா சறுக்கும். "மூன்று எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பிறகே வேலைநீக்கம்" என்று எழுதிவிட்டு, கல்லாவில் கை வைத்தவரை முதல் தடவையிலேயே அனுப்பினால் உங்கள் வரியையே உங்களுக்கு எதிராகப் படிப்பார்கள். "கடும் குற்றங்களில் இந்த வரிசை பொருந்தாது, குற்றங்களின் பட்டியல் எடுத்துக்காட்டு மட்டுமே" என்று சேருங்கள்.

அடுத்தது "இரண்டு நாள் வராவிட்டால் வேலை தானாகப் போய்விடும்" என்ற வரி. முன் அனுமதி இல்லாமல் இரண்டு வேலைநாளுக்கு மேல் தொடர்ந்து வராமல், அதற்கு நியாயமான காரணம் இல்லாமலோ, காரணத்தைத் தெரிவிக்கவோ தெரிவிக்க முயற்சி செய்யவோ இல்லாமலோ இருந்தால்தான் ஒப்பந்தத்தை முறித்ததாகச் சட்டம் கருதும். இவ்வளவையும் எழுதுங்கள். கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் விளக்கம் கேட்டு ஒரு கடிதமும், வாட்ஸ்அப்பில் அதே கடிதத்தின் படமும் அனுப்பிய பிறகே கோப்பை மூடுங்கள்.

மூன்றாவது உள்விசாரணை. விசாரணைக்காக இரண்டு வாரம் வரை நிறுத்தி வைக்கலாம், பாதிச் சம்பளமாவது கொடுத்து. குற்றம் நிரூபணமாகாவிட்டால் பிடித்த மீதியைத் திருப்பித் தர வேண்டும். "மூவர் குழு, ஏழு நாளில் மேல்முறையீடு" என்று அழகாக எழுதும் முன், பத்துப் பேர் கொண்ட அலுவலகத்தில் புகார் தந்தவரையும் சாட்சியையும் விட்டால் குழுவுக்கு யார் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். "சம்பவத்தில் சம்பந்தப்படாத ஒருவரோ அதற்கு மேலோ, வெளியாளாகவும் இருக்கலாம்" என்பது கடைப்பிடிக்கக்கூடிய வரி.

வேலையை விட்டவர் இரண்டு ஆண்டு போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று போடலாமா? கையேடு தமிழில் இருக்கலாமா? (ஜாலான் ஈப்போ)

முதலாவது காகிதத்துக்குத்தான் கேடு. 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு அதைச் செல்லாததாக்குகிறது. வாடிக்கையாளர் பட்டியல், விலைப்பட்டியல் போன்ற ரகசியங்களை எடுத்துச் செல்லக்கூடாது என்பது செல்லும். அதை விரிவாக எழுதுங்கள்.

தமிழில் தாராளமாக இருக்கலாம். மலாய் அல்லது ஆங்கிலப் பிரதியும் இருந்தால், முரண் வரும்போது எது நிற்கும் என்று ஒரு வரி போடுங்கள். ஊழியரின் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, மருத்துவ விவரங்களை என்ன செய்வீர்கள் என்று சொல்லும் தனிநபர் தகவல் அறிவிப்பு மட்டும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தே ஆக வேண்டும். கையெழுத்துச் சீட்டில் "படித்தேன், புரிந்தது" என்பதோடு பதிப்பு எண், நடப்புக்கு வரும் தேதி, எந்த மொழிப் பிரதி பெற்றார் என்பதும் இருக்கட்டும். தமிழ் வாசிக்காத நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளருக்கு யார் எந்த மொழியில் விளக்கினார் என்று இன்னொரு வரியும் வேண்டும்.