பாவித்த போட்டோகொப்பி மெஷின் வாங்குகிறீர்களா? ரோலரைத் திறந்து பாருங்கள்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் பாடசாலை ஒன்றுக்கு முன்னால் சிறிய கொமினிகேஷன் கடை போடப் போகிறோம். வெளிநாட்டிலிருந்து இறக்கிய ரீகண்டிஷன் போட்டோகொப்பி மெஷின் ஒன்றைக் காட்டினார்கள். பெரியது, வேகமானது. புதிய சின்ன மெஷின் ஒன்றின் விலைதான் சொல்கிறார்கள். "உள்ளுக்கு எல்லாம் புது ரோலர்" என்கிறார் விற்பவர். அதை எப்படிச் சரிபார்ப்பது? எதை வாங்கலாம்?

பதில்: இந்த மெஷின்களில் கண்ணாடி, ஸ்கேனர், மின்பலகை எல்லாம் வருடக்கணக்கில் நிற்கும். தேய்வதும் இறுகுவதும் வெடிப்பதும் ரோலர்கள்தான். அதனால் ரோலர் ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். விற்பவர் சொல்வதை நம்புவதா இல்லையா என்ற யோசனையே வராது, நீங்களே பார்த்துவிடலாம்.

தாள் போகும் வழியிலேயே போவோம். பெரிய மெஷினில் தாள் வைக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் பெரும்பாலும் மூன்று ரோலர் இருக்கும். ஒன்று அடுக்கின் மேல் தாளை இழுக்கும். அடுத்தது அதை உள்ளே தள்ளும். மூன்றாவது, தள்ளும் ரோலருக்கு நேர் கீழே இருந்துகொண்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றப் பார்க்கும். ஒரு தாள் மட்டும் வந்தால் கீழ் ரோலர் விட்டுக்கொடுத்து அதோடு சேர்ந்து சுற்றும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தால் அடித்தாளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். எவ்வளவு இழுவை வந்தால் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை டோர்க் லிமிட்டர் என்ற சின்னப் பாகம் தீர்மானிக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று நம்பி வேலை செய்வதால் மூன்றையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். மேலே உள்ள ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு "புது ரோலர்" என்று சொல்வது நம் பக்கத்தில் சர்வசாதாரணம். தட்டை முழுதாக வெளியே எடுத்து, மூன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். நல்ல ரப்பர் மங்கலாக, விரலைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். பளபளத்து வழுக்கினால் அது முடிந்த ரோலர். இரண்டாம் தட்டையும் பாருங்கள், அங்கேதான் பழசை விட்டுவைப்பார்கள்.

உள்ளே போன தாளை ரெஜிஸ்ட்ரேஷன் ரோலர் ஒரு கணம் நிறுத்தி நேராக்கி அனுப்பும். அடுத்தது, ட்ரம் என்ற உருளையில் படம் உருவாகும் இடம். ட்ரம்மின் மேற்பரப்பில் மின்னேற்றுவது சார்ஜ் ரோலர், டோனர் தூளைக் கொண்டுபோய்க் கொடுப்பது டெவலப்பர் ரோலர், ட்ரம்மிலிருந்து தூளைத் தாளுக்கு இழுப்பது ட்ரான்ஸ்பர் ரோலர். பழைய மெஷின்களில் சார்ஜ் ரோலருக்குப் பதிலாக மெல்லிய கம்பி ஒன்று இருந்தது. ஓசோன் மணம் அடிக்குமே, அது அந்தக் கம்பியால்தான். ரோலர் வந்தபிறகு அது வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்த ரோலர்களை வெறும் உருளை என்று நினைக்க வேண்டாம். சார்ஜ் ரோலரின் நடுப்பகுதி, நுனிகளைவிட மயிரிழை பருமனாகச் செய்யப்பட்டிருக்கும். இரண்டு நுனியிலும் ஸ்பிரிங் அழுத்தும்போது தண்டு நடுவில் சற்று வளையும். அந்த வளைவை ஈடுகட்டி, ட்ரம்மை முழு நீளத்துக்கும் ஒரேயளவாகத் தொடத்தான் அப்படி. அளவு தவறாகச் செய்த மலிவு ரோலர் போட்டால் தாளின் ஓரம் ஒரு நிறம், நடு ஒரு நிறம் என்று வருவது இதனால்தான்.

காசு அதிகம் போகும் இடம் கடைசியில் வரும் பியூசர். டோனர் என்பது கரி கலந்த பிளாஸ்டிக் தூள். அதை 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் உருக்கித் தாளில் அழுத்தும் இடம் இது. பழைய முறையில், டெஃப்லான் பூசிய அலுமினியக் குழாய்க்குள் ஹலோஜன் விளக்கு இருக்கும். சூடேற நேரம் எடுக்கும், ஆனால் முரடான வேலைக்குத் தாங்கும். மற்ற முறையில், சூடேற்றும் பீங்கான் பட்டையைச் சுற்றி மெல்லிய ஃபிலிம் உறை ஓடும். சில விநாடியில் தயார், மின்சாரமும் மிச்சம். ஆனால் தாளோடு ஒரு ஸ்டேப்ளர் பின் போனாலே ஃபிலிம் கிழிந்துவிடும். பாடசாலைக்கு முன்னால் கடை என்கிறீர்கள். ஒருபக்கம் அச்சடித்த பழைய தாள்களை மறுபக்கம் அடிக்கத் தருவார்கள், அவற்றில் பின் இருக்கும். இதை நினைவில் வைத்துத் தெரிவு செய்யுங்கள்.

இரண்டு முறையிலும் கீழிருந்து அழுத்துவது சிலிக்கன் ரப்பர் ரோலர். இது சார்ஜ் ரோலருக்கு நேரெதிர்: பல மெஷின்களில் நுனிகள் சற்றுப் பருமன், நடு சற்று ஒடுக்கம். அதனால் தாளின் ஓரங்கள் வெளிப்பக்கமாக இழுபட்டு, சுருக்கம் விழாமல் போகும். மெஷின் நெடுநாள் ஓடாமல் நின்றால், ஒரே இடத்தில் அழுத்தம் பட்டு இந்த ரோலர் தட்டையாகிவிடக்கூடும். கப்பலிலும் களஞ்சியத்திலும் மாதக்கணக்கில் கிடந்து வந்த ரீகண்டிஷன் மெஷினில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டல் சத்தம் கேட்டாலோ, ஒரே இடைவெளியில் எழுத்து சரியாக ஒட்டாமல் இருந்தாலோ அந்த மெஷினை விட்டுவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது நீங்கள் கடையில் பாவிக்கப்போகும் தாளையே கொண்டு போங்கள். மெஷினை முன்கூட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லி, காலையில் குளிர்ந்திருக்கும்போது போடச் சொல்லுங்கள். மூடியைத் திறந்துவைத்து ஒரு முழுக் கறுப்புக் கொப்பி, வெறும் வெள்ளைத் தாளை வைத்து ஒரு கொப்பி, சாம்பல் நிறப் படம் ஒன்றின் கொப்பி. அப்புறம் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஐம்பது தாள் ஒரே மூச்சில், இரண்டு பக்கமும். கறுப்பை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், தூள் வந்தால் பியூசர் சரியில்லை. தாளின் பின்பக்கம் அழுக்கானால் அழுத்தும் ரோலரோ ட்ரான்ஸ்பர் ரோலரோ அழுக்கு. மெஷின் இதுவரை எத்தனை தாள் அடித்தது என்று காட்டும் கவுண்டர் அறிக்கையையும் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். தாள் இழுக்கும் ரோலர்களை மாற்றும் கணக்கு மாடலுக்கு மாடல் வேறு. 1 இலட்சம், 2 இலட்சம் தாளுக்கு ஒருமுறை என்ற மாதிரி அளவுகளைப் பொதுவாகக் காணலாம். ஐந்து இலட்சம் ஓடிய மெஷினுக்கு எப்போது எதை மாற்றினார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஜப்பானிலிருந்து வந்ததென்றால் பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். நமக்கு 230 வோல்ட். ட்ரான்ஸ்போமர் வைத்தால் ஓடும், ஆனால் பியூசர் சூடேறும்போது 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும். சின்ன ட்ரான்ஸ்போமர் தாங்காது. அதன் விலையையும் மெஷின் விலையோடு கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

எதை வாங்கலாம் என்றால்: அந்த மாடலின் ரோலர் தொகுதியும் பியூசர் உறையும் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கிடைக்கிறதா என்று, விற்பவரிடம் அல்லாமல் வேறு திருத்துநர் ஒருவரிடம் கேளுங்கள். கிடைத்து, மேலே சொன்ன சோதனையிலும் தேறினால் ரீகண்டிஷன் மெஷின் உங்கள் வேலைக்கு நல்லது. கொழும்பிலிருந்துதான் வர வேண்டும் என்றால் புதிய சின்ன மெஷினை எடுங்கள். பரீட்சைக் காலத்தில் ஒரு கிழமை கடை நின்றால், மலிவாக வாங்கிய இலாபம் அதிலேயே போய்விடும்.

கேள்வி: அக்கரைப்பற்றில் வசிக்கிறேன். வீட்டு லேசர் பிரிண்டரில் டோனர் ரீபில் செய்ததிலிருந்து ஒவ்வொரு தாளிலும் ஒரே வரிசையில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் புள்ளிகள் விழுகின்றன. மெஷினே போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். உண்மையா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஓர் அடிமட்டம் எடுத்து, ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி வரை மில்லிமீற்றரில் அளந்து பாருங்கள். ரோலரில் ஒரு காயம் இருந்தால், அது ஒருமுறை சுற்றும்போது ஒரு புள்ளி விழும். ஆகவே அந்த இடைவெளிதான் ரோலரின் சுற்றளவு. அதை 3.14 ஆல் பிரித்தால் விட்டம் வரும். குற்றவாளி எந்த ரோலர் என்று அந்த விட்டமே சொல்லிவிடும்.

சின்ன எச்பி, கெனன் பிரிண்டர்கள் பலவற்றில் ட்ரம்மின் விட்டம் 24 மி.மீ. அதனால் 75 மி.மீ. அளவில் புள்ளி திரும்பத் திரும்ப வரும். பிரதர் பிரிண்டர்கள் பலவற்றில் ட்ரம் 30 மி.மீ., இடைவெளி 94 மி.மீ. சார்ஜ் ரோலர் இவற்றைவிடச் சின்னது. 12 மி.மீ. விட்டம் என்றால் 38 மி.மீ.க்கு ஒருமுறை வரும். டெவலப்பர் ரோலரில் மட்டும் இந்தக் கணக்குச் சரிவராது. அது ட்ரம்மைவிட வேகமாகச் சுற்றுவதால், தாளில் விழும் இடைவெளி அதன் சுற்றளவைவிடக் குறைவாக இருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. தாள் பாதி போகும்போது கதவைத் திறந்து நிறுத்துங்கள். பியூசருக்குப் போகாத பகுதியிலேயே புள்ளி இருந்தால் பிழை பியூசரில் இல்லை, அதற்கு முன்னால்தான். எச்பி, கெனன் சின்ன வகைகள் பலவற்றில் ட்ரம், சார்ஜ் ரோலர், டெவலப்பர் ரோலர் மூன்றும் கார்ட்ரிஜ்ஜுக்குள்ளேயே இருக்கின்றன. கார்ட்ரிஜ் மாற்றினால் மூன்றும் மாறிவிடும். நல்ல கார்ட்ரிஜ் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். புள்ளி மறைந்தால் மெஷினில் ஒன்றுமில்லை.

ரீபில்லுக்குப் பிறகு தொடங்கியது என்பதால் எனக்கு ட்ரம்மில்தான் சந்தேகம். திறந்து பூட்டும்போது நகம் பட்டிருக்கலாம், வெயிலில் வைத்திருக்கலாம். ட்ரம் ஒளிபட்டால் கெடும். ரீபில் செய்பவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: ட்ரம்மைத் துணியால் மூடி வைக்கிறாரா? சார்ஜ் ரோலரை எதால் துடைக்கிறார்? தின்னர், பெற்றோல் பட்டால் அந்த ரப்பரின் மின்கடத்தும் தன்மை கெட்டுப் பக்கமெல்லாம் சாம்பல் நிறம் படரும். சற்று ஈரமான துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டாலே போதும்.

கேள்வி: ஓட்டமாவடியில் ஆசிரியையாக இருக்கிறேன். மாரி தொடங்கினால் எங்கள் பாடசாலை பிரிண்டர் தாளை இழுக்காது, அல்லது இரண்டு மூன்றாகச் சேர்த்து இழுக்கும். திருத்த வந்தவர் ரோலரை மண்தாளால் உரசிவிட்டார். கொஞ்ச நாள் சரியாக இருந்தது, திரும்பவும் அதே பிரச்சினை.

பதில்: மண்தாள் உரசல் அந்த நேரத்து வேலைக்கு உதவும். பளபளத்த மேல்தோல் போய் உள்ளே இருக்கும் ரப்பர் வெளியே வரும். ஆனால் ரோலர் மெலிந்துவிடும், அழுத்தம் குறையும், சீக்கிரமே திரும்ப நழுவும். முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். ரோலரில் படிவது பெரும்பாலும் தாளின் வெள்ளைத் தூள்தான். துடைத்தும் சரிவராவிட்டால் ரோலரை மாற்றுங்கள். சின்ன பிரிண்டரில் அரைவட்ட ரோலருக்கு எதிரே ஒரு ரப்பர் பேட் இருக்கும், இரண்டு தாளைப் பிரிப்பது அதுதான். அதையும் சேர்த்து மாற்றாவிட்டால் சேர்ந்து வருவது நிற்காது. இரண்டும் பெரிய விலை இல்லை.

மாரியில் மட்டும் கூடுகிறது என்றால் தாளையும் கவனியுங்கள். ஈரம் ஏறிய தாள் ஒன்றோடொன்று ஒட்டும், பியூசரில் சுருளும், எழுத்தும் மங்கும். ட்ரான்ஸ்பர் ரோலர் தாளுக்குக் கொடுக்கும் மின்னேற்றம் ஈரத்தின் வழியே கசிந்துவிடுவதுதான் மங்கலுக்குக் காரணம். வாவியும் கடலும் பக்கத்தில் வைத்திருக்கிற நமக்கு இது ஒவ்வொரு வருடமும் வரும். பொதியின் உறை ஈரம் புகாதபடி செய்ததுதான், அதைக் கிழித்து எறிய வேண்டாம். அன்றைக்குத் தேவையானதை மட்டும் தட்டில் வைத்து, மிச்சத்தை அதே உறையில் சுற்றிப் பொலித்தீன் பைக்குள் போட்டு, நிலத்தில் அல்லாமல் மேசையிலோ அலுமாரியிலோ வையுங்கள். பாடசாலை விட்டுப் போகும்போது தட்டில் உள்ளதையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: காத்தான்குடியில் ஒரு கடையில் பியூசர் ஃபிலிமும் அழுத்தும் ரோலரும் வாங்கிப் பூட்டினேன். மூன்று மாத உத்தரவாதம் என்றார்கள். இரண்டு கிழமையில் ஃபிலிம் கிழிந்துவிட்டது. "பூட்டியவன் பிழை" என்று கையை விரிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கிழிந்த ஃபிலிமை எறிய வேண்டாம், அதுதான் சாட்சி. ஒரு புள்ளியில் துளை விழுந்து அங்கிருந்து கிழிந்திருந்தால் ஸ்டேப்ளர் பின் அல்லது கல் போயிருக்கும், கடையைக் குறைசொல்ல முடியாது. ஓர் ஓரத்திலிருந்து நசுங்கிக் கிழிந்திருந்தால் பெரும்பாலும் பூட்டும்போது சரிவாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது உள்ளே பூச வேண்டிய வெப்பம் தாங்கும் கிரீஸ் பூசாமல் விட்டிருக்கிறார்கள். முழு நீளத்துக்கும் மேற்பூச்சு உரிந்து வந்திருந்தால் பொருளே தரமில்லை. பூட்டியவரையும் கூட்டிக்கொண்டு போய், இதைக் காட்டிக் கதையுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போகலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருள் இருந்தால் முறையிடலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே "நாளைக்கு வாங்க" என்று கடையில் இழுத்தடிக்க விடாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். பற்றுச்சீட்டில் பொருளின் பெயர், மாடல், உத்தரவாதக் காலம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். வாய்ச்சொல்லாகத் தந்த மூன்று மாதத்தை நிரூபிப்பது கஷ்டம். உங்கள் பற்றுச்சீட்டில் அது இல்லையென்றால், கடைக்காரரோடு தொலைபேசியில் பரிமாறிய செய்திகளில் உத்தரவாதம் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே தேடி எடுத்துவையுங்கள்.