எம்.ஏ. இலக்கியமா, டெசாலா?

கேள்வி: பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு எட்டு வருடமாகப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். மேலே படிக்க ஆசை. இலக்கியத்தில் எம்.ஏ. செய்வதா, டெசால் (பிறமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது பற்றிய படிப்பு) அல்லது பயன்பாட்டு மொழியியல் (மொழி கற்றல், கற்பித்தல் போன்றவற்றை ஆராயும் துறை) பக்கம் போவதா? ஆங்கில ஆசிரியர்களுக்கான டெல்டா டிப்ளமா மட்டும் போதும் என்கிறார் தோழி ஒருத்தி. வேலையை விட முடியாது. - ஓர் ஆசிரியை

பதில்: எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், எதற்காகப் படிக்கப் போகிறீர்கள் என்பதைத் தவிர. பதவி உயர்வுக்குத்தான் என்றால் விஷயம் சுலபம். உங்கள் நிர்வாகம் எந்தப் பட்டத்தை, எந்த முறையில் படித்தால் ஏற்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அதையே படியுங்கள். நாளைக்குக் கல்லூரியில் இலக்கியம் நடத்தும் எண்ணம் இருந்தால் இலக்கிய எம்.ஏ.தான், யோசிக்கவே வேண்டாம்.

வகுப்பு இன்னும் நன்றாக நடக்க வேண்டும் என்பதற்காக என்றால் அது வேறு கதை. இலக்கியப் படிப்பு உங்களை நல்ல வாசகியாக்கும், அதைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் மூன்று வருடமாக ஒரு பையன் ஏன் ‘ஷி கோ யெஸ்டர்டே’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பதற்கு அங்கே யாரும் பதில் சொல்லப் போவதில்லை. அவன் அப்படிச் சொன்னதும் நாம் என்ன செய்கிறோம்? ‘ஓ, ஷி வென்ட் யெஸ்டர்டே?’ என்று நைசாகத் திருத்தித் திருப்பிச் சொல்கிறோம். அவனும் ‘எஸ், டீச்சர்’ என்று உட்கார்ந்துவிடுகிறான். நாம் திருத்தியதாக நினைக்கிறோம், அவனோ நாம் ஆமோதித்ததாக நினைக்கிறான். இதற்கு ரீகாஸ்ட் என்று பெயர். கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த குழந்தைகளின் வகுப்புகளை ஆராய்ந்து ராய் லிஸ்டரும் லீலா ராண்டாவும் 1997-ல் எழுதிய கட்டுரையில், ஆசிரியர்கள் அதிகம் கையாண்டது இந்த முறையைத்தான், மாணவர்கள் மிகக் குறைவாகப் பிடித்துக்கொண்டதும் இதைத்தான் என்று காட்டினார்கள். சரியானதை மாணவர் வாயிலிருந்தே வரவழைக்க முயன்றபோது பலன் கூடுதல். பிழை என்பது மாணவர் மனதுக்குள் கட்டிக்கொண்டிருக்கும் இலக்கணத்தின் தடயம் என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967-லேயே எழுதிவிட்டார். இந்த மாதிரிப் பேச்சு டெசாலிலும் பயன்பாட்டு மொழியியலிலும்தான் நடக்கும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, பாடப் பட்டியலைப் பாருங்கள். அப்புறம் இன்னொன்று: டெசால் எம்.ஏ.க்களில் பல, வகுப்பறைக்குள் கால் வைக்காதவர்களுக்காகவே அமைக்கப்பட்டவை. அங்கே போனால் கரும்பலகையில் எப்படி எழுதுவது என்று உங்களுக்குக் கற்றுத் தருவார்கள். சேர்வதற்கு இரண்டு வருட அனுபவமாவது கேட்கும் படிப்பாகத் தேடுங்கள், கூடப் படிப்பவர்களிடமிருந்தே பாதி கற்றுக்கொள்வீர்கள்.

தோழி சொன்னதும் தப்பில்லை. கேம்பிரிட்ஜ் நடத்தும் டெல்டாவில் மூன்று பகுதிகள், எந்த வரிசையிலும் முடிக்கலாம், இரண்டாம் பகுதியில் நீங்கள் பாடம் நடத்துவதை உட்கார்ந்து பார்த்து மதிப்பிடுவார்கள். கைத்திறனுக்கு அதைவிடக் கடுமையான சோதனை எம்.ஏ.யில் அநேகமாக இருக்காது. பிரிட்டனின் தகுதி வரிசையில் டெல்டா முதுகலைக்கு நிகரான 7-ம் நிலையில் இருக்கிறது, சில பல்கலைக்கழகங்கள் அதற்காக எம்.ஏ.யில் கொஞ்சம் சுமையைக் குறைக்கவும் செய்கின்றன. ஆனால் அது பட்டம் இல்லை. ‘முதுகலை பட்டம்’ என்று கேட்கும் விண்ணப்பத்தில் அதை எழுதிவிட்டு வாதாட முடியாது.

வேலையை விட வேண்டாம், பகுதி நேரமாகவோ தொலைநிலையிலோ படியுங்கள். ஆய்வேட்டுக்கு வேண்டிய வகுப்பு உங்கள் கையிலேயே இருக்கிறது, வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் அதற்காக அலைவார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பள்ளியில் அனுமதி வாங்கி, உங்கள் வகுப்பு ஒன்றை போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். அதில் பத்து நிமிடத்தை எடுத்து, மாணவர் தப்பாகச் சொன்ன ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று வார்த்தை மாறாமல் எழுதுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும். அதன் பிறகும் அடுத்த பத்து நிமிடத்தை எழுதிப் பார்க்கத் தோன்றினால் டெசாலுக்கு விண்ணப்பம் போடுங்கள். கொட்டாவி வந்தால் இலக்கியமே படியுங்கள், எனக்கு அதிலும் வருத்தமில்லை.